முத்திரை சேகரிப்பும் எமது இளைய தலைமுறையும்

கடித உறையொன்றின் வலது மேல் மூலையில் ஒட்டப்படும் சிறு தாள்துண்டே முத்திரை. தமிழகத்தார் இதனை அஞ்சல் தலை என்பர். ஈழத்தவராகிய நாம் முத்திரை என்றே வழங்கி வருகிறோம். முத்திரை சேகரித்தல் ஒரு காலத்தில் எமது பாடசாலை மாணவரிடையே மிகவும் பரவியிருந்த நல்லதொரு பொழுதுபோக்கு. இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் வளரும் எம் பிள்ளைகளுட் பலர் கடித உறையிலிருந்து முத்திரையொன்றைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு இப்பொழுதுபோக்கை ஏன் கையளித்தல் வேண்டும், எவ்வாறு கையளித்தல் வேண்டும் என்பவற்றைப் பெற்றோரும் மாணவரும் ஒருங்கே அறியும் வண்ணம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்திரை பிறந்த கதை

1840 ஆம் ஆண்டுக்கு முன்னர் பிரித்தானியாவில் கடிதத்துக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் அதனைப் பெறுபவரே செலுத்தினார். தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடியது. தாள்களின் எண்ணிக்கைக்கேற்பவும் கூடியது. பிள்ளையிடமிருந்து வந்த கடிதத்தை வாங்க வசதியின்றித் திருப்பியனுப்பிய ஏழைப் பெற்றோரும் இருந்தனர். இந்நிலையை மாற்ற முனைந்தவர் றோலண்ட் ஹில் என்பவர். இவர் முன்னர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை, ஆசிரியத் தொழிலிலிருந்த நாம் சற்றுப் பெருமையுடனேயே குறிப்பிடுகிறோம்.

அரை அவுன்ஸ் நிறைவரையான கடிதம் நாட்டின் எப்பகுதிக்குச் சென்றாலும் கட்டணம் ஒரு பெனியே. அதனை அனுப்புபவரே முற்கூட்டிச் செலுத்தல் வேண்டும். செலுத்தியமைக்கு அடையாளமாக ஒரு தாள்துண்டை ஒட்டுதல் வேண்டும். இவ்வளவே அவரது திட்டம். இதன்படி விக்ரோரியா மகாராணியாரின் தலையுருவம் பொறித்த 'கறுப்புப் பெனி' முத்திரை 1840 மே 6 ஆம் திகதி பாவனைக்கு வந்தது. உலகின் முதல் ஒட்டு முத்திரை இதுவே. வேறு நாடுகளில் முத்திரை இல்லாத காலமாதலால் அதில் நாட்டின் பெயர் பொறிக்கப்படவில்லை. பிரித்தானிய முத்திரைகளில் இன்றும் நாட்டின் பெயர் இராது. அரசரின் அல்லது அரசியின் தலையுருவமே அடையாளம்.

பழமையான முத்திரை யாவும் பெரும் விலை பெறும் என்பது பலரது எண்ணம். அஃது அவ்வாறன்று. கறுப்புப் பெனி 6 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் அச்சிடப்பட்டமையால், முதல் முத்திரையாயினும் அது மிக அரியதன்று. மாறாக, தமிழர் பலர் வாழும் மொறீசியஸ் தீவில் 1847 ஆம் ஆண்டு வெளியான முதல் இரு முத்திரைகளும் வகைக்கு 500 மட்டுமே அச்சிடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பனவாக அறியப்பட்டவை 27 மட்டுமே. அவை ஒவ்வொன்றும் பெருஞ்செல்வத்துக்கு ஈடாகும். எனினும், பணம் ஈட்டும் நோக்குடன் முத்திரை சேகரிக்கும் பிள்ளை விரைவில் சலிப்படையும். அறியும் ஆவலுடன் சேகரிக்கும் பிள்ளைக்குச் சலிப்பு இல்லை.

நாம் வாழும் நாட்டின் முத்திரைகள்

அவுஸ்திரேலியா ஒரே நாடாக இணைவதற்கு முன்னர் ஒவ்வொரு குடியேற்றமும் தனித்தனியே முத்திரை வெளியிட்டது. நியூ சவுத் வேல்ஸ் 1850 ஜனவரி 1 ஆம் திகதியும், விக்ரோரியா அதற்கு இரு நாள்களின் பின்னரும் தத்தம் முதல் முத்திரைகளை வெளியிட்டன. நியூ சவுத் வேல்சின் முதல் முத்திரைகள் 'சிட்னிக் காட்சிகள்' எனப்படுவன. அக்குடியேற்றத்தின் அரச இலச்சினையே அவற்றிற் படமாக அமைந்தது. கப்பலில் வந்து இறங்கிய கைதிகளை, உழைப்பைக் குறிக்கும் ஒரு பெண்ணுருவம் வரவேற்பதும், பின்னணியில் ஓர் ஊர் எழுவதும் அதிற் காணப்படும். கடல் கடந்து வந்து இறங்கியோரின் படத்தைத் தன் முதல் முத்திரையிற் பொறித்த மண்ணிலேயே நாமும் வந்து இறங்கியிருக்கிறோம். இம்மண்ணின் ஆதிக்குடிகளுக்கு அப்படத்தில் இடமில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். முத்திரையிற் காணப்படுவது போலவே காணப்படாததும் வரலாறுதான்.

நாடு முழுவதற்குமான முதல் முத்திரைகள் 1913 ஜனவரியில் வெளிவந்தன. நாட்டின் வரைபடத்தினுள்ளே கங்காரு ஒன்று நிற்கும் அம்முத்திரையில் மன்னரின் தலை இல்லையென்று அந்நாளிற் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டின் இறுதியிலேயே மன்னரின் உருவத்துடன் வேறு முத்திரை வெளிவந்தது. கணிதத்தில் விருப்புள்ள மாணவருக்கு முத்திரையின் விலையும் நல்ல பாடமாகும். டொலர், சதம் என்னும் நாணயமுறை 1966 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது சாதாரண உள்நாட்டுக் கடிதத்துக்குரிய முத்திரை 4 சதம். 2025 யூலையில் அது 1 டொலர் 70 சதமாயிற்று. எத்தனை மடங்கென்று கணித்துப் பாருங்கள்.

இலங்கை முத்திரை கூறுவன

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 ஆம் திகதி வெளிவந்த 6 பென்ஸ் முத்திரையாகும். அதற்குத் துளை விளிம்பு கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டியே பயன்படுத்தினர். 1872 ஆம் ஆண்டில் இலங்கை நாணயம் ரூபா, சதம் என மாறியபோது முத்திரையின் விலையும் மாறியது. 1935 ஆம் ஆண்டு தொடங்கி வெளியான படமுத்திரை வரிசையிலே திருகோணமலையைக் காட்டும் 1 ரூபா முத்திரையும், தேயிலைக் கொழுந்து பறிப்பதைக் காட்டும் 9 சத முத்திரையும் உண்டு. அக்காலத்தில் மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தோருட் பெரும்பாலார் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழரும் அவர்தம் வழிவந்தோருமாவர். முத்திரை அவர்களின் உழைப்பை உலகெங்கும் காட்டியது. அவர்கள் யாரென்று சொல்லவில்லை. அதனைச் சொல்லும் கடமை எம்முடையது.

1972 மே 22 ஆம் திகதி நாடு குடியரசாகியபோது 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயர் நீங்கி 'சிறீலங்கா' என்ற பெயர் வந்தது. அதன் பின்னைய முத்திரைகளிற் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளிலும் நாட்டின் பெயரைக் காணலாம். ஆங்கிலத்தில் 'சிறீலங்கா' என்றிருக்க, தமிழில் மட்டும் பழைய 'இலங்கை' என்ற பெயரே நிலைத்திருக்கிறது. எமது வகுப்பில் இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் இம்முத்திரையை வைத்து, 'இ, ல, ங், கை' என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். 'ங்' என்னும் எழுத்து எங்கே வரும் என்று நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைக் காட்டிலும் அம்முத்திரை அவளுக்கு நன்கு கற்பித்தது.

எம் பெரியோரும் முத்திரைகளில் இடம்பெற்றுள்ளனர். இந்திய அரசு 1960 ஆம் ஆண்டில் திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும், 1962 ஆம் ஆண்டிற் கணித மேதை இராமானுசனுக்கும் முத்திரை வெளியிட்டது. இலங்கை 1971 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலருக்கு 5 சத முத்திரை வெளியிட்டது. பாடநூலிற் படித்த ஒருவரைத் தாமே தேடிப் பெற்ற முத்திரையிற் காணும்போது பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சி தனியானது.

எம்மவரின் பயணமும் முத்திரைகளும்

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் பழைய கடிதங்களைக் காலவரிசைப்படி அடுக்கினால் எம்மவர் சென்ற வழிகள் யாவும் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் தொழில் பெற்று மலாயா சென்றோர், பாயும் புலி பொறித்த முத்திரையுடன் வீட்டுக்குக் கடிதம் எழுதினர். 1942 முதல் 1945 வரை யப்பானியர் அந்நாட்டை ஆண்டபோது பழைய முத்திரைகளின்மீதே தமது எழுத்துகளை மேலச்சாகப் பதித்தனர். பின்னர் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் பிரித்தானியா சென்றோரின் கடிதங்கள். 1983 யூலைக்குப் பின்னரோ கனடா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், நோர்வே, டென்மார்க், அவுஸ்திரேலியா என்று முத்திரைகள் பெருகின.

இம்முத்திரைகள் பற்றி மாணவர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பல நாடுகள் தம் பெயரைத் தம் மொழியிலேயே பொறிக்கின்றன. 'டொயிச்லாண்ட்' என்றிருப்பின் அது ஜேர்மனி. 'நோர்கே' என்றிருப்பின் நோர்வே. 'ஹெல்வெற்றியா' என்ற பெயரை உலகப்படத்தில் எங்கு தேடியும் காணாது திகைத்த மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். அது சுவிற்சர்லாந்தின் இலத்தீன் பெயர். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்சு ஆகிய நான்கு மொழிகள் வழங்கும் அந்நாடு, எம்மொழிக்கும் முதலிடம் கொடாத பொதுப் பெயராக அதனை முத்திரையிற் பொறித்துக்கொண்டது. ஒரு நாடு தன் மொழிகளை எவ்வாறு நடத்துகிறது என்பதை அதன் முத்திரையைக் கொண்டே ஒருவாறு அறியலாம்.

எமது மாணவப் பருவம் 1990 களின் யாழ்ப்பாணத்திலே கழிந்தது. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலிற் செய்த விளக்கொளியிலேயே படிப்பு. வெளிநாட்டுக் கடிதம் வந்த வீட்டிலே அயலவர் கூடுவர். கடிதம் பெரியோருக்கு, முத்திரை சிறியோருக்கு. பழைய அப்பியாசக் கொப்பியே எமது அல்பம். நாம் காணாத மலைகளையும் பாலங்களையும் பறவைகளையும் அந்தக் கொப்பியிலேதான் கண்டோம். பின்னர் வன்னியில் ஆசிரியராயிருந்த காலத்தில் இடம்பெயர்வுகளின்போது அக்கொப்பி கைவிடப்பட்டது. எம்மைப் போலவே ஒரு கடிதத்தையேனும் கொண்டுவர இயலாது இந்நாட்டுக்கு வந்தோர் இம்மலரை வாசிப்போரிலும் பலர் இருப்பர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம்: நாம் எழுதிய கடிதங்கள் எம்மிடம் இருப்பதில்லை, அவற்றைப் பெற்றவர்களிடமே இருக்கின்றன. அன்று ஊரிலிருந்து நாம் எழுதியவை கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வாழும் சித்தியின் அலுமாரியில் இன்றும் இருத்தல் கூடும். கேட்டு எழுதுங்கள். எமது இப்போதைய தொகுப்பு அவ்வாறு கேட்டுப் பெற்ற பதினொரு உறைகளிலிருந்தே தொடங்கியது.

உறையை வெட்டாதீர்கள்

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே: ஊரிலிருந்து வந்த கடிதங்களின் முத்திரைகளைக் கழற்றாது, உறையை முழுமையாகவே பேணுங்கள்.

முத்திரை எந்நாட்டினது என்பதை மட்டுமே முத்திரை கூறும். உறையோ அதனினும் பல கூறும். தபாற் கந்தோரிற் குத்தப்படும் வட்டக் குறியை, வழக்கில் நாம் 'சீல்' என்பதை, உற்று நோக்குங்கள். ஊரின் பெயரும் திகதியும் அதில் இருக்கும். போரின்போது, 1990 இன் பின்னரும் மீண்டும் 2006 ஆகத்தின் பின்னரும், யாழ்ப்பாணத்துக்கான தரைவழிப் பாதை அடைபட்டிருந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுதிய கடிதத்தைக் கொழும்புக்குச் செல்லும் ஒருவரிடம் கொடுத்து, அங்கே தபாலிற் சேர்ப்பிப்பது எம்மவர் வழக்கம். அத்தகைய உறையிலே கொழும்புக் குறி இருக்கும். பின்புறத்தில் அனுப்புநரின் முகவரி வடமராட்சியாக இருக்கும். உள்ளே கடிதத்தின் திகதி பல வாரங்கள் முந்தியதாக இருக்கும். இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்கும் பிள்ளை, எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாற்றைத் தன் குடும்பத்தின் உறையிலிருந்தே கற்றுக்கொள்ளும். முத்திரையை மட்டும் வெட்டியெடுத்தால் இவை யாவும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

சில கடிதங்கள் துயரச் செய்தி தாங்கியவை. அவற்றைத் திறக்க மனமின்றி ஆண்டுக்கணக்கிற் பெட்டியில் வைத்திருப்போர் உளர். அவர்களுக்கும் உறை உதவும். பிள்ளைக்கு முதலில் உறையை மட்டும் காட்டலாம். யார் எழுதியது, எங்கிருந்து எழுதியது என்று சொல்லலாம். உள்ளிருப்பதை எப்போது வாசிப்பது என்பதைப் பெற்றோரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சேகரிக்கும் முறை

ஏனைய சாதாரண உறைகளின் முத்திரைகளைக் கழற்றிச் சேகரிப்பதிலே தவறில்லை. அதற்கான முறை வருமாறு:

1. முத்திரையைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு உறையை வெட்டுக. துளை விளிம்பின் ஒரு பல்லேனும் சேதமுறலாகாது.

2. பசை பூசிய பழைய வகை முத்திரையை இளஞ்சூட்டு நீரிலே 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுக. அது தானாகவே தாளிலிருந்து கழலும், பலவந்தமாக இழுத்தலாகாது. நிற உறைகளின் சாயம் ஊறுமாதலால் அவற்றை வேறு பாத்திரத்தில் இடுக.

3. கழன்ற முத்திரையை மையொற்றுத்தாளில் முகம் கீழாக உலரவிட்டு, பின்னர் தடித்த புத்தகத்தினுள் ஓரிரவு வைத்து அழுத்துக.

4. அவுஸ்திரேலியாவில் இப்போது பெரிதும் வழங்கும், உரித்து ஒட்டும் முத்திரைகள் பெரும்பாலும் நீரிற் கழல்வதில்லை. அவற்றைச் சிறு ஓரத்துடன் வெட்டித் தாளோடு சேர்த்தே பேணுக.

5. முத்திரையை விரலாலன்றி முனை மழுங்கிய சாமணத்தாற் பிடிக்கப் பழகுக. விரலின் எண்ணெய்த்தன்மை நாளடைவில் தாளைக் கெடுக்கும்.

6. பசையாலோ ஒட்டு நாடாவாலோ அல்பத்தில் ஒட்டற்க. ஒட்டு நாடா மஞ்சளாகி முத்திரையையும் கறைப்படுத்தும். ஒளிபுகும் பைகள் உள்ள அல்பமே நன்று. முழு உறைகளையும் அவ்வாறான பெரிய பைகளில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்குக.

வீட்டிலும் வகுப்பிலும்

அல்பத்தை வாங்கிக் கொடுத்து, 'சேகரி' என்று சொல்வதால் மட்டும் பிள்ளைக்கு ஆர்வம் பிறவாது. பெரியவர் ஒருவர் அருகில் அமர்தல் வேண்டும். வாரத்தில் அரைமணி நேரம் போதும். தாத்தா, பாட்டி வீட்டிலிருப்பின் அவர்களே சிறந்த ஆசிரியர். 'இக்கையெழுத்து யாருடையது?' என்று பேரப்பிள்ளை கேட்டால், எக்கேள்விக்கும் ஓரிரு சொல்லில் விடையளிக்கும் முதியவர்கூட மனந்திறந்து பேசத் தொடங்குவார். பிள்ளையும் அவர் பேசும் தமிழைக் கேட்கும்.

ஒவ்வோர் உறையின் கீழும் பிள்ளை தன் கையாலேயே தமிழில் இரு வாக்கியமேனும் எழுதுதல் வேண்டும். எமது வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது இது: 'இது எங்கள் அம்மம்மா அனுப்பிய கடிதம். முத்திரையில் ஒரு குருவி இருக்கிறது, அம்மம்மா வீட்டிலும் குருவி இருந்ததாம்.' இலக்கணப் பயிற்சிக்காக நாம் எழுதுவிக்கும் வாக்கியங்களில் இத்தகைய உயிரைக் கண்டதில்லை. முதலில் இரண்டு வாக்கியம். பின்னர் ஒரு பந்தி. உயர் வகுப்பில் ஒரு கட்டுரை. வீட்டில் உறைகள் இல்லாத மாணவர் பறவைகள், மரங்கள், பாலங்கள், விளையாட்டு என ஒரு பொருளைத் தெரிந்து அதற்குரிய முத்திரைகளைச் சேர்க்கலாம். இரட்டித்த முத்திரைகளை நண்பரோடு மாற்றிக்கொள்வது பகிர்ந்து வாழும் பண்பையும் வளர்க்கும்.

காலம் அதிகம் இல்லை என்பதையும் பெற்றோர் உணர்தல் வேண்டும். டென்மார்க்கில் 1624 ஆம் ஆண்டு தொடங்கிய அரச அஞ்சற் சேவை 2025 ஆம் ஆண்டின் இறுதியிற் கடித விநியோகத்தையே கைவிட்டது. கைத்தொலைபேசியில் ஊரவரின் முகத்தையே பார்த்துப் பேசும் வசதி பெரும்பேறுதான். அதனை நாம் குறைகூறவில்லை. ஆயினும் பேச்சு காற்றோடு போகிறது. அம்மம்மாவின் கையெழுத்தும், அவர் நடந்து சென்று வாங்கி ஒட்டிய முத்திரையும் உறையிலே தங்குகின்றன. கையெழுத்துக் கடிதங்களுடன் வளர்ந்த கடைசித் தலைமுறை நாமே. வீடு மாறும் போதெல்லாம் பழைய பிஸ்கற் பெட்டிகளும் பயணப்பெட்டிகளும் உள்ளிருப்பது பாராமலே எறியப்படுகின்றன.

ஆகவே அன்பான பெற்றோர்களே, அடுத்த முறை அப்பெட்டியை எறியுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள். பிள்ளையையும் அருகில் அழையுங்கள். மாணவச் செல்வங்களே, இவ்விழா முடிந்து வரும் விடுமுறையிலே ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை ஒட்டித் தபாலிற் போடுங்கள். முகவரியை அம்மாவிடம் கேளுங்கள்; எழுத்துப் பிழைக்கு அஞ்ச வேண்டாம். அங்கே அக்கடிதத்தைப் பெறும் முதியவர் உங்கள் கங்காரு முத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டமாட்டார். உறையோடு அப்படியே எடுத்து வைப்பார். பதில் வருமாயின் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.